ஒரே வானத்தில் மூன்று திதி

விளக்குகளை ஒவ்வொன்றாகத் தணித்துக்கொண்டே வந்து கடைசி விளக்கையும் அணைத்தபோது எண்பது பெண்பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். எந்தப் பள்ளிக்கூடம் வந்தாலும் இந்த இடத்தில் கத்தத்தான் செய்யும், இந்தக் கோளரங்கத்தில் பத்தொன்பது வருஷமாக வடிவு கேட்கிற கத்தல்தான், ஆனாலும் இன்றைக்கு அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் இரண்டரை மணி வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே இவர்களுக்கு மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது. வெளியே வரவேற்பறையில், வியாழன் கோளின் பெரிய படத்துக்குக் கீழே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில், மாமனார் ஆவுடையப்பப் பிள்ளையும் கொழுந்தன் மீனாட்சிநாதனும் உட்கார்ந்திருக்கிறார்கள். காட்சி முடிய நாற்பது நிமிஷம். முடிந்ததும் வெளியே போய் அவள் ஒரு திதியைச் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் இருந்து காணாமல் போன அவள் புருஷன் குற்றாலநாதன் எந்தத் திதியில் இறந்தான் என்று, அல்லது எந்தத் திதியில் இறந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று. அவளுக்குத் தெரியும். அதுதான் சனியன். ஊர் உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும், எட்டு வருஷமாகத் தெரியும், தெரியாத மாதிரியே இருந்து இருந்து அதுவும் ஒரு உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. அவள் மைக்கை வாயருகே இழுத்து, வணக்கம் பிள்ளைகளா, இன்றைக்கு நாம் இருக்கிற பூமியை விட்டுவிட்டு வேறொரு கோளுக்குப் போகப்போகிறோம் என்றாள். குரல் தன்பாட்டில் இனிமையாக வந்தது. இந்தக் குரலுக்கு வெட்கமே கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது.

போகிற கோளுக்குப் பெயர் இல்லை. அப்படி ஒன்று எங்கேயும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, இது ஒரு கற்பனைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். பொய்யைப் பொய் என்று சொல்லிவிட்டுச் சொன்னால் அது பாடம். பூமி மாதிரியே கடலும் மண்ணும் உள்ள ஒரு கோள், அதற்கு மூன்று நிலா. சின்னது கிட்டத்தில் விறுவிறுவென்று சுற்றுகிறது, அமாவாசை வந்தால் அடுத்த அமாவாசை ஆறே நாளில். நடுவில் உள்ளதற்குப் பதினாலு நாள். எட்டத்தில் ஒன்று, அது கனத்த உடம்புக்காரி மாதிரி நாற்பத்தைந்து நாளில் ஒரு சுற்று வருகிறது. குவிந்த கூரையின் மேற்கு ஓரத்தில் சூரியன் இறங்கியது, வானம் செம்மண் நிறமாகி, கத்தரிப்பூ நிறமாகி, கறுத்தது. மேற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே சின்னது நகத்துணுக்காகத் தெரிந்தது. உச்சியில் நடுவிலது பாதியாக நின்றது. கிழக்கே பெரியது முழு வட்டமாக எழும்பி வந்தது. பிள்ளைகள் கத்தலை விட்டு ஆவென்று வாய் பிளந்தார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வடிவு இந்த வேலையில் இருக்கிறாள், மற்றபடி புரொஜெக்டர் பல்பு மாற்றச் சொல்லி மேலே எழுதிப்போடுவதும் பப்பிள்கம் ஒட்டிய நாற்காலியைச் சுரண்டுவதும்தான் வேலை. ஆனால் இன்றைக்கு அந்த ஒரு நிமிஷமும் அவளுக்கு வரவில்லை. மாமா தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாரா என்று நினைத்தாள். வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன். அதற்குள் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப்புல்லில் ஆள் மாதிரி கட்டி, அதைப் பாடை போலக் கிடத்தி, எரித்து, பத்து நாள் காரியத்தையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்வது. செய்துவிட்டால் அப்புறம் வருஷாவருஷம் திதி. அதற்குத் திதி வேண்டும். நாளை மறுநாள் ஆற்றங்கரையில் வைத்துக்கொள்ளலாம், நாளைக் காலைக்குள் திதியைச் சொல்லிவிடுங்கள், சங்கல்பத்தில் சொல்ல வேண்டும் என்று ஐயர் சொல்லியிருக்கிறார்.

ஏன் பிள்ளைகளா மூன்று நிலாவும் மூன்று விதமாக இருக்கின்றன என்று வாய் கேட்டது. கேட்டுவிட்டு மூன்று வினாடி விட வேண்டும், விட்டாள். தூரத்தைப் பொறுத்தது மிஸ் என்றது ஒரு குரல். சைஸைப் பொறுத்தது என்றது இன்னொன்று. இல்லை, சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே வானத்தில் எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான். சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கிற நிலா மெலிந்திருக்கும், எந்த நிலாவானாலும். எதிரே நிற்கிற நிலா நிறைந்திருக்கும். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு நிலாவுக்கு ஒரே முகம்தான் இருக்க முடியும். முழு நிலாவும் பிறையும் கைகோத்துக்கொண்டு நிற்கவே நிற்காது. போன மாதம் ஓவியப் போட்டியில் ஒரு பிள்ளை அப்படித்தான் வரைந்திருந்தாள், முழு நிலா, அதன் தோளில் பிறை, கீழே நீலக் கடல், நல்ல அழகு. எல்லாரும் முதல் பரிசு என்றார்கள். வடிவு மாட்டேன் என்று நின்றாள், தப்பு தப்புதான் என்றாள், போட்டி நடத்திய அலுவலர், போகட்டும் மேடம் பச்சைப் பிள்ளை என்று கெஞ்சியும் விடவில்லை. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போனதைப் பார்த்தும் அவளுக்கு மனசு இளகவில்லை. ஒரு கோணத்துக்கு இவ்வளவு நேர்மை. கோணம் மாறினால் அவளுக்குப் பொறுக்காது. வீட்டுக்குள்ளே எட்டு வருஷமாக ஒரு பொய்யை உட்காரவைத்துப் பக்கத்திலேயே படுத்து எழுந்திருப்பவள், படத்தில் பிறை இடம் மாறினால் குதிக்கிறாள். அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது, பொத்தானைக் கொஞ்சம் அழுத்தமாகவே அமுக்கினாள், வானத்தில் நாட்கள் ஓட ஆரம்பித்தன.

சின்னது ஓடியது. ஒரே ராத்திரிக்குள் கண்ணெதிரே தடித்து, மூன்றாம் நாள் நிறைந்து, நிறைந்த நேரத்திலேயே கோளின் நிழலுக்குள் விழுந்து இருண்டு, வெளியே வந்து தேய ஆரம்பித்தது. பாவம், அதற்கு ஒரு பௌர்ணமியும் முழுசாக வாய்க்காது, கிட்டத்தில் இருப்பதன் பலன் அது என்று வடிவு சொன்னாள், பிள்ளைகள் ஐயோ என்றார்கள். அந்தக் கோளில் பஞ்சாங்கம் எப்படி எழுதுவார்கள் என்று அவள் காட்சியில் சொல்வதில்லை, தனக்குள் மட்டும் யோசித்துப் பார்ப்பாள், பஸ்ஸில் போகும்போது, துணி துவைக்கும்போது. ஒரே நேரத்தில் ஒரு நிலாவுக்குச் சதுர்த்தி, ஒன்றுக்கு அஷ்டமி, ஒன்றுக்குத் தேய்பிறை ஏகாதசி. ஒரு மனிதன் சாகிற நேரத்தில் மூன்று திதி. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எந்த நிலாப்படி என்று கேட்பார்கள், பெரிய நிலாப்படி என்று சொல்லிவிட்டால் போதும், அது மெதுவாக நகர்வது, ஒரு திதி ஒன்றரை நாள் நிற்கும், அந்த ஒன்றரை நாளுக்குள் ஒருவன் எப்போது வேண்டுமானாலும் செத்திருக்கலாம், விடியற்காலையில் வழுக்கி விழுந்திருக்கலாம், அலை அடித்துக்கொண்டு போயிருக்கலாம், மணி கேட்க ஒருத்தருக்கும் தோன்றாது. இந்த ஊரில் ஒரு நிலாவை வைத்துக்கொண்டு மணி மணியாகப் பிடுங்குகிறார்கள். ஐப்பசி மாதம் அந்த ராத்திரியில் கப்பல் இருந்த இடத்தின் கடிகாரப்படி பதினொன்றரை மணிவரைக்கும் ஏகாதசி, அப்புறம் துவாதசி. கடைசியாக அவனை ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அவன் இல்லை. நடுவில் பத்து மணி நேரம். ஏகாதசியா துவாதசியா என்று ஐயர் கேட்டதற்கு மீனாட்சிநாதன் தலையைச் சொறிந்தான், அப்போது ஐயர் பெரிய மனசு பண்ணி, நாள் நட்சத்திரம் தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையே திதி, அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறார். வாசல் திறந்தே கிடக்கிறது. அமாவாசை என்று சொல்லிவிட்டு வந்து அடுத்த காட்சிக்குச் சீட்டுக் கிழிக்கலாம். மாமாதான், மருமகள் நிலாக் கணக்குப் படித்தவள், அவள் வாயால் சொல்லட்டும் என்று ஆட்டோ பிடித்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதே நாற்காலிதான். இதே விசைப்பலகை, அன்றைக்கு இதன் ஓரத்தில் ரப்பர் உரிந்திருக்கவில்லை. அன்றைக்கும் இரண்டரை மணிக் காட்சி, இரண்டு பத்துக்குப் போன் வந்தது, அங்கே கடலில் அப்போது ராத்திரி எட்டு மணி தாண்டியிருந்தது, கப்பலில் இருந்து வருகிற போனுக்கு முதலில் ஒரு மூச்சு நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் குரல் வரும். வேண்டாம். இப்போது வேண்டாம், இப்போது நடுவிலதற்கு அமாவாசை வரப்போகிறது, சொல்ல வேண்டும். இதோ பாருங்கள், நடுவில் உள்ள நிலா சூரியனோடு சேர்ந்து மறைந்துவிட்டது, ஆனால் வானம் இருட்டாகவில்லை, ஏனென்றால் பெரியது இருக்கிறது. அந்தக் கோளில் இருட்டு என்பது சுலபத்தில் கிடைக்காத சாமான். மூன்றும் ஒன்றாக மறைய வேண்டும் என்றால் அறுநூற்று முப்பது நாள் காத்திருக்க வேண்டும், பெருக்கிப் பாருங்கள், ஆறாலும் பதினாலாலும் நாற்பத்தைந்தாலும் வகுபடுகிற மிகச் சின்ன எண் அதுதான். வாய் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது, தான் ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் போய் முட்டிக்கொள்கிறோம் என்று. இருட்டு. அவனும் அதைத்தான் கேட்டான். குற்றாலநாதன் நிலாவைப் பற்றி அவளிடம் கேட்டதே கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மொட்டைமாடியில் நட்சத்திரம் காட்டப்போனவளிடம், எனக்கு எஞ்சின்தான் தெரியும் வடிவு, மேலே பார்த்தா கழுத்து வலிக்கு என்று சொல்லிவிட்டான், அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். ஆறு மாசம் கடல், மூன்று மாசம் வீடு. வீட்டில் இருக்கிற நாளில் மிக்ஸியைப் பிரித்து மாட்டுவான், பக்கத்து வீட்டு மோட்டாரைப் பிரித்து மாட்டுவான். கடைசி லீவில் மட்டும் எதையும் பிரிக்கவில்லை. கொல்லையில் துணி காய்கிற கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், என்ன அத்தான் என்று கேட்டால் ஒண்ணுமில்லையே என்பான், ஒன்றுமில்லாமல்தான் இருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டது வசதியாக இருந்தது, ஆடிட் வந்திருந்த மாதம் அது.

அவன்தான் பேச்சை ஆரம்பித்தான். வடிவு, இன்னைக்கு நிலா எப்போ வரும் என்று கேட்டான். அந்தச் சந்தோஷத்தை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை, மறக்க முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். பதினோரு வருஷத்தில் புருஷன் முதல் தடவையாகத் தன் படிப்பைக் கேட்கிறான். இருங்க இருங்க என்று சொல்லி, கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள், அவன் அட்சரேகை தீர்க்கரேகை இரண்டையும் தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னான், அவள் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள், பென்சில் முனை உடைந்து பேனாவை எடுத்துப் போட்டாள். தேய்பிறை ஏகாதசி அத்தான், உங்க கடிகாரத்துக்கு மூணு மணி ஆயிரும் என்றாள். அதுவரைக்கும் நல்ல இருட்டா இருக்குமா என்று கேட்டான். கும்மிருட்டா இருக்கும், நட்சத்திரமெல்லாம் கொட்டிக்கிடக்கும், மேலே வந்து பாருங்க என்றாள். மேலே வந்து பாருங்க. அவள்தான் சொன்னாள், அவள் வாயால். அவன், மூணு மணி வரைக்கும் ஆவாது, பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும் என்றான். எஞ்சினில் ஏதோ வேலை என்று நினைத்தாள். வெளியே பஸ் வந்து நின்று பிள்ளைகள் இறங்குகிற இரைச்சல் கேட்டது. ஷோவுக்கு நேரமாச்சு அத்தான், வைக்கட்டுமா என்றாள். வை என்றான். அன்றைக்குக் காட்சியில் அவள் வழக்கத்தைவிட நன்றாகப் பேசினாள், டீச்சர் ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனாள், அந்த நேரத்தில் அங்கே கடலில் மணி ஒன்பதோ ஒன்பதரையோ இருக்கும். இதைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. மற்ற எதையும் ஒருமாதிரி தாண்டிவிடுவாள், அந்த டீச்சரின் கையை மட்டும் தாண்ட முடியாது.

அதற்கு அப்புறம் கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டார்கள், போனில் என்ன பேசினார் என்று. வீட்டு விஷயம்தான், நிலாவைப் பற்றி ஏதோ கேட்டார் என்று சொல்ல வந்தவள் வீட்டு விஷயம்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அப்போது அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, அப்போது அவளுக்கே ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து வந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது, அன்று இரவு எட்டு மணியில் இருந்து மறுநாள் காலைவரை அவருக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை என்று. வேலையே இல்லாதவனுக்குப் பத்து மணிக்குள் என்ன முடியும்? சமையலறையில் நின்றுகொண்டே அந்த வரியைப் படித்தாள், குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அத்தை, அவனைப் பெற்றவள், வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என்னம்மா எழுதியிருக்கான் என்று கேட்டாள். ஒண்ணுமில்ல அத்தை, தேடிக்கிட்டே இருக்காங்களாம் என்றாள் வடிவு. அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. அத்தை அப்புறம் ஆறு வருஷம் உயிரோடு இருந்தாள், ஏதாவது துறைமுகத்தில் இறங்கி எவளோ ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு இருப்பான், இருந்துவிட்டுப் போகட்டும், உனக்குத்தான் துரோகம் என்று சொல்லி இவள் தலையைத் தடவுவாள். அந்தக் கை தலையில் படும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். சொன்னால் என்ன ஆகும்? ஒன்று, அத்தைக்கு மகன் செத்துப்போவான். இரண்டு, தானே போனான் என்று ஆகும், ஏன் போனான் என்று கேட்பார்கள், அவளுக்கும் தெரியாது. மூன்று, நீ என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். முதல் இரண்டுக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவதற்காகத்தான் என்று இந்த இருட்டில் தெரிந்தது, யாரும் முகத்தைப் பார்க்காத இருட்டில் ஒத்துக்கொள்வது கொஞ்சம் சுலபமாகவே இருந்தது. பயம், வேறொன்றுமில்லை. இருட்டா இருக்குமா என்று கேட்டவனுக்கு இத்தனை மணிவரைக்கும் இருட்டு என்று நேரம் குறித்துக் கொடுத்தவள் நீ என்று யாராவது ஒருத்தர் சத்தமாகச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்.

மிஸ் என்று ஒரு கை உயர்ந்திருந்தது. மூன்று நிலாவும் மறைந்த அறுநூற்று முப்பதாம் நாள் இருட்டில் கை எப்படித் தெரிந்தது என்றால் கையில் கண்ணாடி வளையல் இருந்தது, நட்சத்திர வெளிச்சத்தில் மினுங்கியது. கேள்வி கேட்கிற நேரம் இதுவல்ல, ஆனாலும் கேளும்மா என்றாள். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, அந்த ஊரில் செத்துப்போனவங்களுக்கு எந்த நிலாவைப் பார்த்துத் திதி குடுப்பாங்க மிஸ் என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, உட்காரு சுடர்விழி, அறிவியல் கேளு என்றாள். அந்தப் பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது, அந்த வீட்டிலும் யாரோ போயிருக்க வேண்டும், சமீபத்தில். வடிவு பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். எந்தக் கேள்வி கேட்டாலும் சரியான பதில் சொல்லிவிடுவது அவள் வியாதி, யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்கமாட்டாள், கேள்வி வந்தால் விடை போய்விட வேண்டும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. இன்றைக்காவது கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்று நின்றாள். மைக்கில் அவள் மூச்சு இரைவது கூரை முழுக்கக் கேட்டது, பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பெரிய நிலாவைப் பார்த்தும் கொடுக்கலாம், சின்னதைப் பார்த்தும் கொடுக்கலாம். ஒவ்வொரு நிலாவைப் பார்த்தும் அந்த நேரத்துக்கு ஒரு திதிப் பெயர் சொல்லலாம், மூன்று பெயர் சொல்லலாம், நூறு நிலா இருந்தால் நூறு பெயர். அதற்காக அந்த மனிதன் மூன்று தடவை சாகவில்லை. கப்பல் ஓரத்துக் கைப்பிடியில் கை வைத்து ஏறினான், நின்றான், ஒரு நேரம் இருந்தது, அந்த நேரம் ஒன்றுதான், எந்த நிலாவும் அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்திவிடாது. பத்து மணிக்குள். அமாவாசை என்று சொல்லிவிட்டால் அவனுக்கு அந்த நேரமும் இல்லாமல் போய்விடும். அதையும் அவள்தான் எடுத்துக்கொண்டதாக ஆகும்.

"எந்த நிலாவைப் பார்த்தாலும் சரிதாம்மா," என்றாள். "நிலாதான் மூணு. போனவங்க போன நேரம் ஒண்ணுதான். அந்த நேரத்தை மறக்காம இருந்தாப் போதும்."

அந்தப் பிள்ளை உட்கார்ந்தது. மிச்சத்தை வடிவு எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை, கிழக்கில் விடிந்தது, இசை வந்தது, விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின, எண்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். டீச்சர் ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம் என்று சொல்லிக் கையை நீட்டியபோது வடிவு கையை விசைப்பலகையிலேயே வைத்துக்கொண்டாள். டீச்சருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கும். பிள்ளைகள் வரிசையாக வெளியேறி முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள், நாற்காலிகளின் கீழே விழுந்து கிடந்த ஒரு ரிப்பனையும் ஒரு பேனா மூடியையும் பொறுக்கினாள், புரொஜெக்டருக்கு உறை போட்டாள், உறையைச் சரிசெய்தாள், மறுபடியும் சரிசெய்தாள். மாமாவின் நெஞ்சு இதைத் தாங்குமா என்று ஒரு சாக்கு வந்து முன்னால் நின்றது. வியாழக்கிழமைக்கு அப்புறம் சொன்னால் என்ன? வியாழக்கிழமைக்கு அப்புறம் அவர் இல்லாமல் போனால் யாரிடம் சொல்வது? அத்தை விஷயத்தில் இதே கணக்கைத்தான் போட்டாள், விடையும் தெரிந்ததுதான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், வெயில் கண்ணில் அறைந்தது.

ஆவுடையப்பப் பிள்ளை மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. மீனாட்சிநாதன் எழுந்து வந்து, ஐயர் மறுபடியும் போன் பண்ணியதாகவும், எல்லாச் சாமானும் சொல்லியாகிவிட்டதாகவும், இது ஒன்றுதான் பாக்கி என்றும் தணிந்த குரலில் சொன்னான். நல்ல பையன், அண்ணன் போன நாளில் இருந்து இவளை ஒரு சொல் சொன்னதில்லை.

"அமாவாசைன்னே வச்சுக்கிடுவமா மதினி? ஐயரே சொல்லுதாரு."

"வேண்டாம் தம்பி. ஏகாதசி. தேய்பிறை ஏகாதசி. பத்து மணிக்குள்ள."

அவ்வளவு நிச்சயமாக எப்படி என்று அவன் கேட்டான். வடிவு உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்லமுடியாது என்று பட்டது. நின்றபடியே, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் காலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்ததை, அவன் கேட்டதை, உறையின் பின்பக்கம் போட்ட கணக்கை, மூன்று மணிவரைக்கும் கும்மிருட்டு என்று சொன்னதை, மேலே வந்து பார்க்கச் சொன்னதை, அவன் பத்து மணி என்றதை, தான் போனை வைத்ததை. அறிக்கையில் இருந்த வரியையும் சொன்னாள், அத்தையிடம் அன்றைக்குச் சொன்ன பொய்யையும் விடாமல் சொன்னாள். அழவில்லை, மைக்கில் பேசுகிற மாதிரி வரிசையாக வந்தது, அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மீனாட்சிநாதன் பாதியிலேயே ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டான், அவன் தோள் அசைந்தது. அவன் திரும்பி வந்து அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வெளியே பஸ் கிளம்பி, பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள்.

ஆவுடையப்பப் பிள்ளை பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், நீதானே என்று கேட்பார், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்பார் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் பதிலோடு நின்றாள். எட்டு வருஷமாகத் தயார் பண்ணிய பதில்கள். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"பேச ஆரம்பிச்சதும், சாப்பிட்டியான்னு கேட்டியாம்மா?"

வடிவு வாயைத் திறந்தாள். எந்தப் போனிலும் முதல் வார்த்தை அதுதான், அவள் கேட்பாள், அவன் மீன் என்றோ கோழி என்றோ சொல்வான், பதினோரு வருஷமாக அது தவறியதே இல்லை. இந்த எட்டு வருஷத்தில் அந்தப் பேச்சை எத்தனை ஆயிரம் தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருப்பாள், ஒரு தடவையாவது இது அவளுக்குத் தோன்றியதில்லை.

"கேக்கலை மாமா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை, தெரிந்துகொண்டேன் என்கிற மாதிரி. பையில் இருந்து மடித்த தாளையும் பேனாவையும் எடுத்துச் சின்ன மகன் பக்கம் நீட்டினார்.

"ஏல, இங்க வா. ஏகாதசின்னு எழுதிக்கோ. இலையில சோறு நிறைய வைக்கணும்னும் எழுதிக்கோ."